பன்னிரண்டு பேர் அறையில் தனி ஆள்

சிங்கப்பூரில் 2022 ஜூன் 24 அன்று ஒரு கட்டுப்பாடு தளர்ந்தது. தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வெளியே போவதற்கு இனி அனுமதிச் சீட்டு தேவையில்லை என்றானது. நான்கு இடங்களுக்கு மட்டும் இந்தத் தளர்வு பொருந்தவில்லை: லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் செராய், ஜூரோங் ஈஸ்ட். ஞாயிற்றுக்கிழமையோ பொது விடுமுறையோ அங்கே போக வேண்டுமானால் முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 80,000 பேர் வரை. ஊர்க்காரரைப் பார்ப்பது, கோயிலுக்குப் போவது, வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது எல்லாம் நடக்கிற இடங்கள் இவைதாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைச் சுற்றி ஞாயிறு மாலை கூடும் கூட்டத்தில் புதுக்கோட்டையும் சிவகங்கையும் திருவாரூரும் தனித்தனியாகக் கூடி நிற்கும்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 ஏப்ரலில், கொரோனா விடுதிகளுக்குள் புகுந்தபோது சுமார் 3,20,000 பேர் உள்ளே அடைபட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைப் பணிகளுக்கு வந்தவர்கள். அந்த ஆண்டு டிசம்பர் நடுவில் அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. தொற்று அடங்கிய பிறகும் விடுதி, லாரி, சைட், மறுபடி விடுதி என்றே நாள்கள் ஓடின. 2021 செப்டம்பரில்தான் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேரைச் சில மணி நேரம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். அடைபட்டிருந்த காலத்தில் தற்கொலைகளும், தொழிலாளர்கள் தங்களையே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகளும் செய்தியாயின. தற்கொலைகள் முந்தைய ஆண்டுகளைவிடக் கூடிவிடவில்லை என்று மனிதவள அமைச்சு விளக்கம் சொன்னது. ஆனாலும் 2020 நவம்பரில் அதே அமைச்சு, ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பையும் மனநல மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது.

அந்த மாதங்களை நினைக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. யாரும் அங்கே தனியாக இல்லை. அடுக்குக் கட்டில்களில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு, பதினாறு பேர் படுத்திருந்தார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு, 2021-இல், புதிதாகக் கட்டப்படும் விடுதிகளுக்கு வந்த விதியே அறைக்கு 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் என்றுதான் வரம்பு கட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இருமினால் தூக்கம் கெடும் நெருக்கம். ஒரே மொழி, பலருக்கு ஒரே மாவட்டம், சிலருக்கு ஒரே கிராமம். மனிதர்கள் அருகில் இருப்பதே மனநலத்துக்குப் போதும் என்றால் உலகிலேயே பாதுகாப்பான மனிதர்கள் இவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சமூகத் தொடர்பு என்ற பேச்சு இப்போது உலக அளவில் எழுந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஓர் ஆணையமே அமைத்தது; 2025 ஜூனில் வந்த அதன் அறிக்கை, ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பிருக்கிறது என்கிறது. இந்தப் பேச்சு பத்திரிகைகளுக்கு வந்து சேரும்போது மனக்கண்ணில் வருபவர் யார்? தனி வீட்டில் கிடக்கும் முதியவர், கைப்பேசியில் மூழ்கிய இளைஞர். இருபது பேரோடு சாரத்தில் ஏறி, இருபது பேரோடு லாரியில் திரும்பும் ஆள் அந்தச் சித்திரத்தில் வருவதில்லை.

ஆனால் எண்ணிக்கைகள் அவர் பக்கம்தான் கைகாட்டுகின்றன. இங்கிலாந்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் 2015 வரையிலான மரணங்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. கட்டுமானத்தில் உடலுழைப்பு மட்டுமே செய்யும் ஆண்களின் தற்கொலை அபாயம் ஆண்களின் தேசியச் சராசரியைப்போல 3.7 மடங்கு இருந்தது. பூச்சு வேலை, பெயின்டிங் போன்ற முடிப்பு வேலைகள் செய்பவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டுத் தரவில், வேலையில் இருக்கும் ஆண்களில் லட்சத்துக்கு 32 பேர் தற்கொலையால் இறந்தார்கள்; கட்டுமானத் துறை ஆண்களில் மட்டும் எடுத்தால் 56. இவை பணக்கார நாடுகள். கூலி உண்டு, காப்பீடு உண்டு, சட்டமும் ஓரளவு நடைமுறையில் உண்டு. அப்படியிருந்தும் இந்தக் கணக்கு.

காரணங்களாகச் சொல்லப்படுபவை எல்லோருக்கும் தெரிந்தவைதாம். இன்று இருக்கும் வேலை நாளை இல்லை. முதுகும் முழங்காலும் நாற்பது வயதிலேயே போய்விடுகின்றன. வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு மேல் மது. ஒரு கட்டடம் முடிந்ததும் கூட்டாளிகள் கலைந்துபோகிறார்கள். இதில் கடைசிக் காரணம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. ஆனால் அதை மேலோட்டமாக எடுத்துக்கொண்டால் 'ஆட்களைச் சேர்த்து வை, விளையாட்டுப் போட்டி நடத்து, பொங்கல் விழா கொண்டாடு' என்ற இடத்தில் போய் நின்றுவிடும். விழா வேண்டாம் என்பதில்லை. விழாவன்று சிரித்துக்கொண்டிருந்தவர் மறுநாள் என்ன ஆனார் என்பதற்கு விழா பொறுப்பேற்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இது: தொழிலாளிக்குக் குறைவது ஆட்கள் அல்ல, சொன்னால் நட்டம் வராத ஆள்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டில் தற்கொலை எண்ணத்துக்கு இரண்டு வேர்கள் சொல்கிறார். எனக்கென்று யாருமில்லை என்பது ஒன்று. நான் மற்றவர்களுக்குப் பாரம் என்பது மற்றொன்று. விடுதியில் இருக்கும் மனிதரை இந்த இரண்டாவது வேர்தான் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். நிலத்தை அடகு வைத்தோ, தங்கையின் நகையை விற்றோ ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்தவர் அவர். கடன் அடைவதற்குள் கை நசுங்கிப்போனால் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவரே குடும்பத்தின் சுமையாகிறார். இதை யாரிடம் சொல்வது? சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லாத ஆள் என்று பெயர் வரும். வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது, மறுவாரம் விமானத்தில் ஏற்றிவிடலாம். மனைவியிடம் சொன்னால் அவர் அங்கே தூங்கமாட்டார். பக்கத்துக் கட்டில் ஊர்க்காரரிடம் சொன்னால், நாளைக் காலைக்குள் சேதி ஊர் டீக்கடையில் இருக்கும்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஊர்ப் பாசம் வெளிநாட்டில் பெரிய துணை என்பதில் சந்தேகமில்லை. சாவு விழுந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுவது ஊர்க்காரர்கள்தாம். ஆனால் அதே பாசம் ஒரு கண்காணிப்பும்கூட. யார் எவ்வளவு அனுப்பினார், யார் குடித்தார், யார் அழுதார் என்பதெல்லாம் அந்தக் கம்பியில்லாத் தந்தியில் போய்க்கொண்டே இருக்கும். சமூகவியலாளர் மாரியோ லூயிஸ் ஸ்மால் 2017-இல் வெளியிட்ட ஒரு நூலில் வேறொரு சூழலை, அமெரிக்கப் பல்கலைக்கழகத்து முதலாண்டு ஆய்வு மாணவர்களை, ஆராய்ந்தார். அவர்கள் தங்கள் கவலைகளை மிக நெருங்கியவர்களிடமிருந்து பல சமயம் மறைத்தார்கள். அதிகம் பழகாத, ஆனால் இந்த நிலைமை புரிந்த ஒருவரிடம் சொன்னார்கள். நெருங்கிய உறவில் எதிர்பார்ப்பும் உரிமையும் பின்னிக்கிடப்பதால் அங்கே வாய் திறப்பது கடினம் என்பது அவர் வாதம். ஆய்வு மாணவருக்கும் கொத்தனாருக்கும் வெகுதூரம். இருந்தாலும், ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் குடும்பக் கதை முழுவதும் சொல்லிவிட்டு இறங்கிப்போகும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

சொன்னால் நட்டம் வரும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ஹாரிகனும் கோ சியு யீயும் தெற்காசியத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. காயத்துக்கான இழப்பீட்டுக்கோ பாக்கிச் சம்பளத்துக்கோ வழக்குப் போட்டுக் காத்திருந்தவர்களில் 62 விழுக்காட்டினர் கடுமையான மனநலப் பாதிப்புக்கான அளவுகோலைத் தொட்டிருந்தார்கள். வழக்கில்லாமல் வேலையில் இருந்தவர்களில் இந்த விழுக்காடு வெகுவாகக் குறைவு. அவர்களே தொடர்ந்து வெளியிட்ட கட்டுரையில், 'திருப்பி அனுப்பிவிடுவோம்' என்ற மிரட்டல் மனநலத்தைக் குலைக்கும் முக்கியக் காரணியாக நின்றது. ஆகவே அடுத்தவரோடு மனம்விட்டுப் பேசச் சொல்லும் எந்தத் திட்டமும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, பேசியது முதலாளி காதுக்குப் போகுமா என்பதே.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் அமைப்பு கட்டினார்கள். குவீன்ஸ்லாந்தில் கட்டடத் தொழிலாளர்களுக்கான ஒரு நிதியம் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் தற்கொலை ஆய்வு நிறுவனத்திடம் ஓர் ஆய்வு கேட்டது. 2006-இல் வந்த அறிக்கை, அந்த மாநிலக் கட்டுமானத் தொழிலாளர்களிடம், குறிப்பாக இளைஞர்களிடம், தற்கொலை மிகுந்திருப்பதைக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2008-இல் 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' பிறந்தது. நீண்டகாலம் அதன் தலைமை நிர்வாகியாக இருந்த யோர்கன் குல்லெஸ்ட்ரப் பிளம்பராகவும் தொழிற்சங்கப் பொறுப்பாளராகவும் இருந்தவர். ஆஸ்திரேலியக் கட்டுமானத்தில் தொழிற்சங்கமும் முதலாளிகளும் எலியும் பூனையும்போல. ஆனால் இந்த அமைப்பின் நிர்வாகத்தில் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தன. இது சம்பிரதாய ஒற்றுமை இல்லை. முதலாளி மட்டும் நடத்தினால் தொழிலாளி வாய் திறக்கமாட்டார்; சங்கம் மட்டும் நடத்தினால் சைட்டுக்குள் நுழைய வழியிருக்காது.

அதன் செயல்முறை எளிமையானது. முதல் படியில் சைட்டில் இருக்கும் பெரும்பாலானோரை உட்காரவைத்துச் சுமார் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்: கூட்டாளி வழக்கம்போல இல்லை என்பதை எப்படிக் கவனிப்பது, யாரிடம் கொண்டுபோய் விடுவது. இரண்டாம் படியில் விருப்பமுள்ள சிலருக்கு அரை நாள் பயிற்சி. இவர்களை இணைப்பாளர்கள் எனலாம். ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் எவர் என்று தூரத்திலிருந்தே தெரியும். மூன்றாம் படியில் இன்னும் சிலருக்கு இரண்டு நாள் பயிற்சி: உயிரை விட நினைப்பவரிடம் அதை நேரடியாகக் கேட்கவும், அந்த நேரத்தைக் கடத்தவும், அடுத்த ஏற்பாடு செய்யவும். இவர்களுக்குப் பின்னால் களப்பணியாளர்கள், இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி, கடன் ஆலோசனையிலிருந்து மனநல மருத்துவர் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பாளர்கள்.

இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது இணைப்பாளருக்கு வகுத்திருக்கும் எல்லை. அவர் ஆலோசகர் ஆக வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம், ரகசியத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டாம். அந்த ஆளைப் பத்திரமாக வைத்து, உதவி செய்யக்கூடியவர் கையில் ஒப்படைத்ததும் அவர் வேலை முடிந்தது. நட்பின் பெயரால் ஒரு சென்ட்ரிங் தச்சரின் தலையில் மருத்துவரின் சுமையை ஏற்றுவதில்லை. கூடவே, இணைப்பாளர் மனம் திறந்தவரின் மைத்துனரும் அல்ல, மேலதிகாரியும் அல்ல. ஸ்மாலின் மாணவர்கள் தேடிப்போன, அதிகம் பழகாத ஆனால் நிலைமை புரிந்த ஆளை, இங்கே சைட்டிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

பலன் கிடைத்ததா? பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் உதவி கேட்பதைக் குறித்தும், உதவி செய்வதைக் குறித்தும் மனம் மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2001 முதல் 2019 வரை ஆஸ்திரேலியக் கட்டுமான ஆண்களின் தற்கொலை விகிதம் மற்றத் தொழிலாளர்களுடையதைவிடச் சற்று வேகமாகவே குறைந்திருக்கிறது. அந்தக் குறைவை இந்த ஒரு திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே காலத்தில் வேறு பலவும் மாறின. சங்கம் வலுவாக உள்ள பெரிய சைட்டுகளில் இது வேர்பிடித்த அளவுக்கு, இரண்டு மூன்று பேராக வீடு கட்டித் திரிபவர்களிடம் போய்ச் சேருவதும் கடினம். 2019-இல் நியூசிலாந்தும் இதை எடுத்துக்கொண்டது.

சிங்கப்பூரில் வேறொரு வழியில் இதே காரியம் நடந்திருக்கிறது, மனநலம் என்ற பெயரே இல்லாமல். டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் இலவசச் சாப்பாடு போடுகிறது. காயம்பட்டு வேலை போனவர்கள், சம்பள வழக்குக்காகக் காத்திருப்பவர்கள், அதாவது ஹாரிகன் ஆய்வின் 62 விழுக்காட்டினர் எந்த வகையோ அந்த வகையினர், அங்கே வருகிறார்கள். சோறு வாங்க வரிசையில் நிற்பதற்கு மனம் சரியில்லை என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் பதியும்போது வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்ற பேச்சு வரும். அடுத்த மேசையில் அதே அலுவலகத்துக்கு அலைந்த இன்னொருவர் இருப்பார். இதே வட்டாரத்தில் வங்காளிப் பத்திரிகையாசிரியர் ஏ.கே.எம். மொஹ்சின் 2011-இல் திபாஷ்ரம் என்ற இடத்தைத் திறந்தார். தொழிலாளர்கள் வந்து உட்காரவும் பாடவும் கவிதை வாசிக்கவும் ஒரு மாடி அறை. 2014-இல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் விரிந்தது. பகலில் கம்பி கட்டியவர் மாலையில் மேடையில் கவிஞர் என்று அழைக்கப்பட்டார். ஞாயிறன்று கூடும் தெருவுக்குச் சீட்டு வைத்ததன் பொருள் என்ன என்பது இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2014-இல் நாட்டின் தற்கொலைகளில் தினக்கூலிகளின் பங்கு 12 விழுக்காடு. 2021-இல் 1,64,033 தற்கொலைகளில் 42,004 தினக்கூலிகளுடையவை, 25.6 விழுக்காடு. அதற்கடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் கூடியது. 2021-இல் மாநிலவாரியாகப் பார்த்தால் தினக்கூலிகளின் தற்கொலை மிக அதிகமாகப் பதிவானது தமிழ்நாட்டில்: 7,673. இந்த எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும். விவசாயக் கூலிகள் தனிக் கணக்கு. தினக்கூலி என்ற தலைப்பில் கொத்தனாரும் சுமைதூக்குபவரும் இன்னும் யார் யாரோ வருகிறார்கள். தொழில் என்னவென்று எழுதுவது காவல் நிலையம். பதிவு ஒழுங்காக நடக்கும் மாநிலத்தில் எண்ணிக்கை கூடித் தெரியும். கட்டடத் தொழிலாளி தனியாக எவ்வளவு என்று இதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் நான்கில் ஒன்று என்ற பங்கை எந்தப் பதிவுக் குறைபாட்டின் மேலும் தள்ளிவிட முடியாது.

நம் கட்டட வேலையில் தொடர்புக்குப் பஞ்சமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முன்பு அது ஓரளவு உண்மை. தளம் போடும் நாளை நினைத்துப் பார்க்கலாம்: கலவையிடத்திலிருந்து மேல்தளம் வரை ஆணும் பெண்ணுமாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவார்கள், மதியம் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வந்தபின் அந்த வரிசை குறைந்துபோனது. உழைப்பு குறைந்ததற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை சதுர அடிக் கணக்கில் துண்டு துண்டாக ஒப்பந்தம் போகிறது; சென்ட்ரிங் ஆட்கள் போனபின் பூச்சு ஆட்கள், அவர்கள் போனபின் டைல்ஸ் ஆட்கள். பதினோரு மணி டீகூட நின்றுகொண்டே குடித்து முடிகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் ஆண்கள் சேர்ந்து உட்கார எஞ்சியிருக்கும் பொது இடம் டாஸ்மாக்தான். அங்கே மனம் திறப்பது உண்மைதான். ஆனால் குடியில் சொன்னதை மறுநாள் சொன்னவரும் கேட்டவரும் மறந்ததுபோல் நடந்துகொள்வதே அந்த இடத்தின் ஒழுங்கு.

மேஸ்திரி உறவு இன்னும் சிக்கலானது. ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர்; காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் பிள்ளைக்குப் பீஸ் கட்டப் பணம் தருவதும் அவர். அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதும் அவரே. மனத்தில் சுமையுள்ளவருக்கு மிக அருகில் இருக்கும் ஆள் அவருடைய கடன்காரர். இந்த ஒரு உறவை வைத்துக்கொண்டு மனநலத் திட்டம் தீட்ட முடியாது. இதைத் தவிர்த்துவிட்டும் தீட்ட முடியாது.

சித்தாள்களின் கதை வேறு. மேற்கத்தியத் திட்டங்கள் எல்லாம் 'ஆண்கள் பேசுவதில்லை' என்ற இடத்தில் தொடங்குகின்றன. நம் சைட்டுகளில் பாதிச் சுமையைத் தலையில் ஏற்றுபவர்கள் பெண்கள், அவர்கள் பேசுகிறார்கள். செங்கல் அடுக்கிக்கொண்டே மாமியார் கதையும் குழுக்கடன் தவணையும் குடிகாரக் கணவனின் அடியும் பேசப்படுகின்றன. அங்கே குறைவது பேச்சைத் தொடர்ந்து எதுவாவது நடப்பது. மேஸ்திரியின் தொல்லையைப் பக்கத்துச் சித்தாளிடம் சொல்லலாம். அவராலும் எதுவும் செய்ய முடியாது. முப்பது ஆண்டு சட்டி தூக்கினாலும் கொத்தனார் கரண்டி கைக்கு வராது என்ற அவமானத்துக்கு ஆலோசனை மையத்தில் மருந்து கிடையாது. குழந்தையைச் சாரத்து நிழலில் தூளி கட்டிப் போட்டுவிட்டு மேல்மாடியில் கல் சுமப்பவரின் பதற்றத்தை எந்த மனநல வினாத்தாள் அளக்கிறது? மீரா மகாதேவன் 1969-இல் தில்லியில் ராஜ்காட் அருகே ஒரு கட்டுமான இடத்தில் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகம் மொபைல் கிரெச்சஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. அதை மனநலத் திட்டம் என்று யாரும் எழுதியதில்லை. என் கணக்கில் அது அப்படித்தான். 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரருக்குக் கீழ் ஒப்பந்தக்காரர் என்று ஆட்களைப் பிரித்து எழுதும் துறையில் ஐம்பது என்ற எண் எந்தப் பதிவேட்டில் சேரும்?

இப்போது சென்னையின் பெரிய சைட்டுகளில் தகரக் கொட்டகைகளில் இருப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, இறந்தவர்களில் வெளி மாநிலத்தார் எத்தனை பேர் என்று பார்த்தபோதுதான் நகரம் அவர்களைக் கவனித்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அவை வதந்தி என்று அரசும் காவல் துறையும் இந்தியிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஊரிலிருந்து பதறிய தொலைபேசி அழைப்பு ஒரு பக்கம். 'அப்படி ஒன்றும் இல்லை, இரு' என்று சொல்லக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவர்கூடப் பழக்கமில்லாத நிலை இன்னொரு பக்கம். தேக்காவில் கூடும் தமிழ்த் தொழிலாளிக்கு என்னென்ன இல்லையோ, அவையெல்லாம் சென்னையின் பெரும்பாக்கத்தில் ஒடியாத் தொழிலாளிக்கும் இல்லை. அங்கே நம்மவர் படுவதை உருக்கமாக எழுதும் நாம் இங்கே முதலாளி வேடத்தில் இருக்கிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி 14416 இருபது மொழிகளில் பேசுகிறது. தமிழ்நாட்டில் அதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா இன்றும் இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இந்த உதவிகள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு பேர் படுத்திருக்கும் அறையிலிருந்து அந்த அழைப்பை எங்கே நின்று பேசுவது? கொட்டகைக்கு வெளியே வாட்ச்மேன். கழிப்பறை வாசலில் வரிசை. எண்ணைக் கையில் கொடுத்து, தன் கொட்டகைச் சாவியையும் கொடுத்து, 'நீ பேசு, நான் வெளியே நிற்கிறேன்' என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

தமிழ்நாட்டில் அந்த மனிதரை எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்து ஒரு இடம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், ஆர். கீதா போன்ற தொழிற்சங்கத்தினரின் நெடும் போராட்டத்துக்குப் பின், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. மத்தியச் சட்டம் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. பதிவு, புதுப்பித்தல், கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், விபத்து நிவாரணம் என்று விண்ணப்பம் எழுதத் தொழிலாளர்கள் சங்க அலுவலகங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு மர மேசையும் நான்கு நாற்காலிகளும் கொண்ட அந்த அறைகளில் விண்ணப்பம் நிரப்பும் அக்காவுக்கு யார் வீட்டில் சாவு, யார் கை ஒடிந்து கிடக்கிறார், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்பதெல்லாம் தெரியும். அவர் சம்பளம் கொடுப்பவரும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. கஃப் ரோடு சாப்பாட்டு வரிசையைப்போல, அங்கே வருவதற்கும் வேறொரு காரணம் கையில் இருக்கிறது. விண்ணப்பமெல்லாம் இணையத்துக்குப் போய், கணினி மையத்தில் பணம் கொடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போகிற வழக்கம் வந்தபோது காகித அலைச்சல் குறைந்தது. கூடவே இந்தச் சந்திப்பும் மெலிந்தது. இணையத்தை வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அந்த அக்காவுக்கு ஆஸ்திரேலிய இணைப்பாளருக்குக் கிடைக்கும் அரை நாள் பயிற்சியாவது கொடுக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவரின் எண் அவர் மேசையில் இருக்கலாம். அவர் அனுப்பும் ஆளை அங்கே ஓ.பி. சீட்டு வரிசையில் திக்கற்று நிற்கவிடாமல் பார்க்கலாம்.

இத்தகைய திட்டங்களில் ஒரு அபாயமும் உண்டு. கூட்டாளியைக் கவனித்துக்கொள் என்பது முதலாளிக்குச் செலவில்லாத அறிவுரை. மூன்று வாரச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு மனநல விழிப்புணர்வு பேனர் கட்டும் நிறுவனத்தை என்ன செய்வது? ஹாரிகனின் ஆய்வில் தொழிலாளர்களை வாட்டியவை கடன், வழக்கு, திருப்பி அனுப்பும் மிரட்டல். இவற்றை நண்பர் தீர்க்க முடியாது. சம்பளம் சனிக்கிழமை வந்துவிட வேண்டும், விழுந்தவருக்கு இழப்பீடு மாதக்கணக்கில் இழுபடக் கூடாது, கொட்டகையில் பூட்டும் கதவு வேண்டும். இவை நடக்காத இடத்தில் தொடர்பு என்பது துன்பத்தைப் பகிர்ந்துகொள்வதோடு நின்றுவிடும். அதற்கும் மதிப்புண்டு, ஆனால் அதைக் காட்டிச் சம்பளப் பாக்கியை மூடக் கூடாது.

பணம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்க 1996-ஆம் ஆண்டு நலவரிச் சட்டம் வழிசெய்தது. அந்தப் பணம் வாரியத்துக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில் முதல் படிப் பயிற்சி சைட்டிலேயே, வேலை நேரத்திலேயே நடக்கிறது. உட்கார்ந்து கேட்டவருக்குக் கூலி வெட்டு இல்லை. இங்கே தினக்கூலி வாங்கும் ஒருவர் அரை நாள் பயிற்சிக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். முதலில் வாரியம் பொறுப்பேற்க வேண்டியது அந்த அரை நாள் கூலிக்கு.